வானிதாஸ் மங்காவை ஜப்பானிய மொழியிலேயே வாசிக்க: ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானுக்கு வந்த முதல் வருஷத்தில் மங்காவுக்காக (ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்களுக்காக) நான் செய்த வீண் செலவை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஒரே தொகுதியை இரண்டு முறை வாங்கியது, அரைகுறை செட்டை முழு செட் என்று நம்பி வாங்கியது, சரியான அட்டை கையில் இல்லாமல் நூலகத்துக்குப் போய்த் திரும்பிய ரயில் காசு எல்லாம் சேர்த்து 15,000 யென்னை நெருங்கிவிட்டது. அந்தக் காசுக்கு இந்தத் தொடரையே புத்தம் புதிதாக ஏறக்குறைய இரண்டு முறை வாங்கியிருக்கலாம். உங்களுக்கு அது நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடர் எது என்றால், ஜுன் மொச்சிசுகி எழுதி வரையும் வானிதாஸ். ரத்தக்காட்டேரிக் கதை. 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் நடக்கிறது, ஆகாயக் கப்பல்கள் பறக்கிற ஒரு பாரிஸ். அதில் வானிதாஸ் என்கிற மனிதன் காட்டேரிகளுக்கு வைத்தியம் பார்க்கிறான், அவனோடு சுற்றுகிற நோயே என்பவன் காட்டேரி. டாக்டர் மனிதன், நோயாளிகள் காட்டேரிகள். இவ்வளவு தெரிந்தால் ஆரம்பிக்கப் போதும். நான் டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கிறேன் என்பதால் ரயில் வழிகளை அங்கிருந்தே சொல்கிறேன், நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிற ஏரியாதானே.

1. பெயரைச் சரியாகப் படித்துக்கொள்ளுங்கள்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நான் முதலில் விழுந்த குழி இதுதான். அட்டையில் 'வானிதாசு நோ' என்பதற்கு அப்புறம் இரண்டு கான்ஜி எழுத்துகள், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், இருக்கும். அகராதியில் போட்டால் 'ஷுகி' என்று வரும், கைப்படக் குறித்து வைத்த நினைவுகள், குறிப்பேடு என்று பொருள். நானும் கடையில் போய் 'வானிதாசு நோ ஷுகி இருக்கிறதா' என்று மனப்பாடம் செய்ததைக் கேட்டேன். கடைக்காரப் பெண் கணினியில் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். புத்தகம் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள அலமாரியிலேயே இருந்தது.

விஷயம் என்னவென்றால், அந்தக் கான்ஜிகளை ஷுகி என்று படிக்கக் கூடாது. மேலே சின்ன எழுத்தில் 'காருதே' என்று அச்சிட்டிருக்கிறார்கள். காருதே என்பது ஜெர்மனிலிருந்து ஜப்பானுக்கு வந்த சொல், ஆஸ்பத்திரியில் டாக்டர் நம் விவரங்களை எழுதி வைக்கிற நோயாளிச் சீட்டு. எழுத்து 'நினைவுக் குறிப்பு' என்கிறது, உச்சரிப்பு 'நோயாளிச் சீட்டு' என்கிறது, தலைப்பு இரண்டும்தான். கதை முழுக்க இந்த விளையாட்டு வரும், 6-ஆம் படியில் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்குக் கடையிலும் தேடுபொறியிலும் 'வானிதாசு நோ காருதே' என்று கேளுங்கள்.

2. அட்டைகளை முதலில் ஒழுங்கு செய்யுங்கள்

மங்கா படிக்க எதற்கு ஆவணம் என்று நினைப்பீர்கள். காசு கொடுத்து வாங்க எதுவும் தேவையில்லைதான். ஆனால் இலவசமாகவோ மலிவாகவோ படிக்க வேண்டுமென்றால் எல்லா வாசலிலும் அடையாளச் சான்று கேட்பார்கள்.

குடியிருப்பு அட்டை, அதாவது ஜாய்ர்யூ கார்டு, இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். நான் கம்பெனி விடுதியிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறியபோது முகவரியை மாற்றாமல் விட்டுவிட்டேன் (குடிமாறினால் 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும், அவர்கள் அட்டையின் பின்பக்கத்தில் புது முகவரியை அச்சிட்டுத் தருவார்கள், இதற்குக் காசில்லை). அந்த நிலையில் நூலக உறுப்பினர் ஆகப் போனேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள், நான் படிவத்தில் எழுதிய முகவரியைப் பார்த்தார்கள், மிக மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். பாஸ்போர்ட்டை நீட்டினேன், அதில் ஜப்பான் முகவரி இல்லையே, எடுபடவில்லை.

அட்டை சரியாக இருந்தால் இவை கிடைக்கும்:

வார்டு நூலக அட்டை. இலவசம். அந்த வார்டில் குடியிருப்பவர்களுக்கும் வேலை பார்ப்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் தருவார்கள். மங்கா எல்லாக் கிளையிலும் இருக்காது, இருந்தாலும் முதல் தொகுதி எப்போதும் யாரோ ஒருவர் கையில்தான் இருக்கும். இணையத்தில் முன்பதிவு செய்யக் கடவுச்சொல் வேண்டும், அட்டை வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் இன்னொரு நடை.

மங்கா கஃபே. மணிக்கணக்கில் காசு கட்டி உட்கார்ந்து படிக்கும் இடம். டோக்கியோவில் இணைய வசதி உள்ள கஃபேக்கள் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று 2010 முதல் விதி இருக்கிறது, ஆகவே அட்டை இல்லாமல் போகாதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு ஆயிரம் யென்னை ஒட்டி ஆகும், பானம் இலவசம். தொடர் நமக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க நல்ல வழி, மெதுவாகப் படிப்பவர்களுக்கு மோசமான வழி. என் முதல் மூன்று மணி நேரத்தில் நான் ஒரு அத்தியாயத்தைக்கூட முடிக்கவில்லை.

3. செட் வாங்குவதற்கு முன் முதல் அத்தியாயத்தை முடியுங்கள்

முதல் அத்தியாயம் பெரும்பாலான மின்நூல் கடைகளில் மாதிரியாகக் கொஞ்சமாவது கிடைக்கும், பதிப்பாளரான ஸ்கொயர் எனிக்ஸின் மங்கா அப் செயலியையும் பாருங்கள். அகராதியை வைத்துக்கொண்டு உட்காருங்கள். என் ஜப்பானிய மொழி அப்போது என்4 (மொழித் தேர்வின் ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது) அளவில்தான் இருந்தது, முதல் அத்தியாயத்துக்கு ஒன்பது நாட்கள் ஆயின, தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம். அது முடிந்த பிறகும் 'அடுத்து என்ன' என்று மனசு கேட்டால் மட்டும் காசை எடுங்கள்.

அந்த அத்தியாயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லா பலேன் என்கிற ஆகாயக் கப்பலில் நோயே பாரிஸுக்கு வருகிறான், அமேலியா என்கிற பெண்ணுக்கு நோய் முற்றுகிறது, வானிதாஸ் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருகிறான், சண்டை, வைத்தியம். இதெல்லாம் எந்தச் சாகசக் கதையிலும் வருவதுதான். ஆனால் அத்தியாயம் முடிகிற இடத்தில், இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் நோயே, இந்தப் பயணத்தின் கடைசியில் வானிதாஸைத் தன் கையாலேயே கொன்றதாகச் சொல்லிவிடுகிறான். முடிவை முதலிலேயே போட்டு உடைத்தாகிவிட்டது. இனி இருவரும் சேர்ந்து சிரிக்கிற ஒவ்வொரு கட்டத்திலும் அது உங்கள் தொண்டையில் நிற்கும். எனக்கு அந்த வரி புரிந்தது ஒன்பதாவது நாள் ராத்திரி, அதுவும் வினைச்சொல்லின் கடந்த காலத்தை முதலில் கவனிக்காமல் 'கொல்லப் போகிறேன்' என்று தப்பாகப் புரிந்துகொண்டு, மறுநாள் காலையில் ரயிலில்தான் உறைத்தது.

பொறி ஒன்று: இதன் அனிமே (கார்ட்டூன் தொடர்) பார்த்துவிட்டேன், விட்ட இடத்திலிருந்து வாங்குகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். 2021-22-இல் போன்ஸ் நிறுவனம் எடுத்த 24 எபிசோடுகள் மூலத்துக்கு நெருக்கமானவைதான், ஆனால் எழுத்து விளையாட்டு திரையில் வராது, அதற்காகத்தானே இந்தப் பாடு.

4. புதிதா, பழையதா, மின்நூலா

புதுத் தொகுதி ஒன்று 600-லிருந்து 700 யென் சுற்றி. எந்தக் கடையில் வாங்கினாலும் அதே விலை, அச்சுப் புத்தகத்துக்கு ஜப்பானில் தள்ளுபடி கிடையாது, பதிப்பாளர் வைத்த விலையில்தான் விற்க வேண்டும் என்று ஏற்பாடு. எனவே மலிவாகக் கிடைக்குமா என்று நாலு கடை ஏறி இறங்காதீர்கள். நுகர்வு வரி 10 சதவீதம், புத்தகத்துக்குச் சலுகை இல்லை. சில கடைகளில் விலைச்சீட்டில் வரி இல்லாத விலையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், சின்ன எழுத்தைப் பாருங்கள்.

வரியில்லாமல் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது சுற்றுலா வருகிறவர்களுக்கு. வேலை விசாவில் இருக்கும் நமக்குக் கிடையாது. நான் பாஸ்போர்ட்டோடு போய்க் கவுண்டரில் நின்றேன், அந்தப் பையன் விசாப் பக்கத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் பெருக்கல் குறி போல வைத்துக் காட்டினான்.

புதுப் புத்தகங்கள் பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருக்கும், உள்ளே புரட்ட முடியாது. அதனால்தான் 3-ஆம் படியை வலியுறுத்தினேன்.

பழைய புத்தகம் என்றால் பெரிய சங்கிலிக் கடைகளில் அடி அலமாரியில் 110 யென்னுக்குக்கூட ஆரம்பத் தொகுதிகள் சில நேரம் கிடைக்கும், பிந்தைய தொகுதிகள் 300, 400 என்று போகும். நிஷிகசாயிலிருந்து தோசாய் லைனில் ஏறினால் மாறாமல் நகானோ வரை போகலாம், வடக்கு வாசலில் இறங்கி சன் மால் வழியாக நேரே நடந்தால் நகானோ பிராட்வே. அங்கே பழைய மங்கா விற்கும் மாண்டராகேயின் கடைகள் மாடி மாடியாக இருக்கின்றன. போகிற வழியில் குதான்ஷிதாவில் இறங்கினால் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோ நடக்கிற தூரம்தான், ஆனால் மங்காவுக்கென்று போகிறவர்களுக்கு நகானோதான் சௌகரியம்.

இணையத்தில் தனியாட்கள் விற்கும் இடங்களில் மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள். 'ஜென்கான்' என்றால் எல்லாத் தொகுதியும். 'கிகான்' என்றால் இதுவரை வெளிவந்தவை. 'யாகே' என்றால் வெயில்பட்டுப் பழுப்பேறியது. வானிதாஸ் இன்னும் முடியாத தொடர், பத்துத் தொகுதிகளைத் தாண்டிவிட்டது, ஆகவே இதற்கு ஜென்கான் என்று யார் போட்டாலும் சந்தேகப்படுங்கள். நான் வாங்கியது அப்படிப்பட்ட செட்தான். படத்தில் முதுகுகள் வரிசையாக அழகாக நின்றன, எண்ணிப் பார்க்கவில்லை. வந்து பிரித்தால் நடுவில் 5 இல்லை, கடைசி இரண்டும் இல்லை. பரிமாற்றம் முடிந்தது என்று நானே பொத்தானை அமுக்கிவிட்டிருந்தேன், அப்புறம் யாரிடம் கேட்பது. பெட்டி வந்ததும் எண்ணுங்கள், அதற்குப் பிறகு பொத்தானைத் தொடுங்கள்.

மின்நூலில் ஒரு லாபம் உண்டு. அச்சுப் புத்தகத்துக்கான நிலை விலை ஏற்பாடு இதற்குப் பொருந்தாது, எனவே தள்ளுபடி, கூப்பன் எல்லாம் வரும், முதல்முறை சேருகிறவர்களுக்கு நன்றாகவே தருவார்கள். நஷ்டமும் உண்டு. போனில் படித்தால் சின்ன எழுத்து கண்ணுக்கே தெரியாது, இரண்டு பக்கத்தையும் சேர்த்து வரைந்த படம் நடுவில் வெட்டுப்படும். பத்து அங்குல டேப்லெட் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். நம் ஊர் அமேசான் கணக்கில் ஜப்பானிய மின்நூல்கள் கிடைக்காது, இங்குள்ள கணக்கு தனியாக வேண்டும்.

நான் கடைசியில் வந்து சேர்ந்த ஏற்பாடு: 1 முதல் 3 வரை பழைய புத்தகம், பிடித்துப்போன பிறகு மீதி புதிது. மொத்தம் 6,000 யென்னுக்குள் முடித்திருக்கலாம். ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் தொகுதிக்கு 200 கிராம் என்று பெட்டி எடையில் கணக்கு வையுங்கள்.

5. பக்கத்தை எப்படிப் பார்ப்பது

லயன், முத்து காமிக்ஸில் வளர்ந்த கண்ணுக்கு இது கொஞ்ச நாள் வலிக்கும். புத்தகத்தை நாம் பின்னட்டை என்று நினைக்கிற பக்கத்திலிருந்து திறக்க வேண்டும், வலது மேல் மூலையில் ஆரம்பித்து இடப்பக்கம் போய், அப்புறம் கீழே. பேச்சுக் குமிழிகளுக்கும் அதே வரிசை, குமிழிக்குள் எழுத்து மேலிருந்து கீழாக, வரிகள் வலமிருந்து இடமாக.

கட்டங்கள் ஏடாகூடமாக இருக்கும்போது எதை முதலில் படிப்பது என்று குழம்பினால் கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியைப் பாருங்கள். படுக்கைவாட்டு இடைவெளி அகலமாகவும் செங்குத்து இடைவெளி ஒடுக்கமாகவும் இருக்கும். ஒடுக்கமான இடைவெளியைத் தாண்டித்தான் கண் முதலில் போக வேண்டும். இதை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் நான் ஒரு முழு விருந்துக் காட்சியைத் தலைகீழாகப் படித்து, பதிலுக்கு அப்புறம் கேள்வி வருகிறதே, காட்டேரிகள் இப்படித்தான் பேசுவார்கள் போல என்று நினைத்திருக்க மாட்டேன்.

பக்கம் திருப்புகிற இடம் முக்கியம். இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், கதவு திறக்கும், ஒருவர் கண் விரியும். எதைப் பார்த்தார் என்பது தாளைத் திருப்பினால்தான். மொச்சிசுகி இதை மிகவும் நம்பி எழுதுகிறவர், மின்நூலில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினால் இந்த அதிர்ச்சி பாதி போய்விடும்.

ஓவியத்தில் இரண்டு வேகம் உண்டு. ஒன்று, நிறுத்திப் பார்க்க வேண்டிய பக்கம்: லேஸ் வைத்த சட்டைக் கைகள், மேலங்கியின் மடிப்புகள், பாரிஸ் கூரைகள், முகமூடி நடனம். இன்னொன்று, முகத்தை உருளைக்கிழங்கு அளவுக்குச் சுருக்கிக் கண்ணைப் புள்ளியாக்கிப் போடுகிற கோமாளிக் கட்டம். நோயே ஆப்பிள் பணியாரமான தார்த் தாத்தானைப் பார்த்து உருகுவது, வானிதாஸ் எரிச்சலில் கத்துவது எல்லாம் இந்தச் சின்ன உருவங்களில் வரும். புதிதாகப் படிப்பவர்கள் இவற்றைக் குப்பை என்று தாண்டுகிறார்கள். தாண்டாதீர்கள். ரத்தம் சிந்திய பக்கத்துக்கு மறுபக்கமே சிரிப்பு வருவதால்தான் அந்த முதல் அத்தியாய வரி மறக்காமல் உறுத்துகிறது.

வானிதாஸின் காதில் தொங்கும் கம்மலைப் பாருங்கள், மணற்கடிகாரம். அவன் பெயரே லத்தீனில் வெறுமை, நிலையாமை. 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் மண்டையோடு, அணையும் மெழுகுவர்த்தி, வாடும் பூ, மணற்கடிகாரம் இவற்றை மேசைமேல் வைத்து வரைந்த ஓவிய வகைக்கும் வானிதாஸ் என்றுதான் பெயர். அவனுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்பதைக் காதிலேயே மாட்டி அனுப்பியிருக்கிறார் அம்மா. (ஓவியரை அம்மா என்று சொல்வது என் வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

6. சின்ன எழுத்தைப் படியுங்கள்

கான்ஜியின் பக்கத்தில் உச்சரிப்பைக் காட்டும் சின்ன எழுத்துக்கு ஃபுரிகானா என்று பெயர். வழக்கமாக அது படிக்கத் தெரியாதவர்களுக்கு உதவி. இந்தத் தொடரில் அது கதையின் ஒரு பாகம்.

ரத்தக்காட்டேரிக்கு ஜப்பானியச் சொல் 'க்யூகெட்சுகி'. மூன்று கான்ஜி: உறிஞ்சு, ரத்தம், பேய். இந்த மூன்றும் பக்கத்தில் அப்படியே இருக்கும், ஆனால் அருகில் உள்ள சின்ன எழுத்து 'வான்பீரு' என்று பிரெஞ்சில் படிக்கச் சொல்லும். நாம் 'ரத்தக்காட்டேரி' என்று எழுதி அதன் தலைமேல் 'வாம்பீர்' என்று போட்ட மாதிரி. தேவாலயத்தின் வேட்டைக்காரர்களுக்கும் இதே கதி, எழுத்து வேட்டையாடுபவன் என்கிறது, உச்சரிப்பு 'ஷசூரு' என்கிறது. கண் ஜப்பானிய மொழியில் பொருளைப் பிடிக்கிறது, காது பாரிஸில் இருக்கிறது.

இது வெறும் அலங்காரம் இல்லை என்பதற்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது. இந்த உலகத்தில் ஒவ்வொரு காட்டேரிக்கும் 'மானா' என்கிற உண்மைப் பெயர் உண்டு, அதுதான் அவர்களின் உயிர்ச் சூத்திரம். அது கெட்டு 'மகானா' என்கிற தீய பெயராகிவிட்டால் நோய், வெறி. வானிதாஸ் தன் புத்தகத்தைத் திறந்து அந்தப் பெயரைப் பழையபடி திருத்துகிறான், அதுதான் வைத்தியம். பெயரை எப்படி எழுதுகிறோம், எப்படிப் படிக்கிறோம் என்பதில் உயிர் இருக்கிற உலகத்தில், பக்கத்திலும் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பெயர். ஆங்கிலத்தில் படித்தபோது இது என் கண்ணில் படவே இல்லை.

செய்ய வேண்டியது: ஒரு நோட்டு போடுங்கள், மூன்று பத்தி. கான்ஜியின் பொருள், சின்ன எழுத்தின் ஒலி, எந்தத் தொகுதி. முதல் மூன்று தொகுதிகளில் நாற்பது சொல் சேர்ந்தால் அப்புறம் ஓட்டம் பிடித்துவிடும்.

பொறி: போன் கேமராவை நீட்டி மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அது சின்ன எழுத்தைத் தனி வரி என்று நினைத்துக் கூட்டிச் சேர்த்து உளறும். எனக்கு ஒரு முறை 'பேய் ரத்தம் வேனில் பீர்' என்று சொன்னது.

பேச்சு நடையும் நமக்கு உதவுகிறது. நோயே பெரும்பாலும் 'தெசு, மாசு' போட்டு மரியாதையாகப் பேசுவான், அது நம் பாடப்புத்தகத்தில் உள்ள நடையே. வானிதாஸ் வெடுக்கென்று பேசுவான், வினைச்சொல்லின் வால் அறுந்து கிடக்கும். முதலில் நோயேயின் வரிகளை மட்டும் முழுசாகப் புரிந்துகொள்ளப் பாருங்கள், வானிதாஸ் சொன்னது அவன் பதிலிலிருந்தே பாதி தெரிந்துவிடும்.

7. கதையில் வழி தவறாமல் இருக்க

இங்கே சுருக்கமாக. ரத்தம் குடிப்பது இந்தக் காட்டேரிகளுக்குச் சோறு அல்ல, அதில்லாமலும் உயிர் வாழலாம். அது ஆசை, நெருக்கம். நோயேக்கு மட்டும் கூடுதலாக, ரத்தம் குடித்தால் அந்த ஆளின் நினைவு தெரியும். யார் யாரைக் கடிக்க விடுகிறார், யார் விட மறுக்கிறார் என்பதைக் கவனித்தாலே உறவுகள் புரியும்.

பெயர்கள் நிறைய பழைய இடங்களிலிருந்து வருகின்றன. ரூத்வென் பிரபு 1819-இல் பொலிடோரி எழுதிய கதையில் வரும் காட்டேரி. ஜெவோதான் பகுதி வருகிறபோது ஐந்து நிமிஷம் நிறுத்தி வரலாற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்: 1764-லிருந்து 1767 வரை தெற்குப் பிரான்சில் ஒரு மிருகம் உண்மையிலேயே மனிதர்களைக் கொன்றது, கடைசியில் ஷான் ஷாஸ்தெல் என்பவர் சுட்டார், அந்த வேட்டையை ஏற்பாடு செய்தவர் தாப்ஷியே பிரபு. மங்காவில் அந்தக் குடும்பப் பெயரோடு க்ளோயே என்கிற பெண் வருகிறாள். இதற்கு மேல் சொன்னால் கெடுத்துவிடுவேன். முழுத் தொடரிலும் எனக்குப் பிடித்தது அந்தப் பனி மலைப் பகுதிதான், வசனமே இல்லாமல் பனியை மட்டும் வெள்ளையாக விட்டு வைத்த இடங்களுக்காக.

8. பத்திரிகையில் வந்த வடிவம் வேண்டுமா

இது கட்டாயமில்லை, பைத்தியம் பிடித்தவர்களுக்கு மட்டும். தொடர் ஸ்கொயர் எனிக்ஸின் கங்கான் ஜோக்கர் மாத இதழில் 2016 ஜனவரி இதழிலிருந்து வருகிறது. பத்திரிகை அளவு பெரிது, கோடுகள் நன்றாகத் தெரியும், வண்ணத்தில் அச்சான பக்கங்கள் தொகுப்பில் பெரும்பாலும் சாம்பலாகிவிடும். நீல நிலா, சிவப்பு நிலா என்று கதையே நிறத்தில் ஓடுகிறபோது இது சின்ன இழப்பு இல்லை.

நாகதாச்சோவில் உள்ள தேசிய டயட் நூலகத்துக்குப் போங்கள். நிஷிகசாயிலிருந்து தோசாய் லைனில் குதான்ஷிதா, அங்கே ஹான்சோமோன் லைன். வயது வரம்பு உண்டு. குடியிருப்பு அட்டையைக் காட்டிப் பதிவு செய்தால் அன்றே அட்டை தருவார்கள், இலவசம். வார நாட்களில் 9:30 முதல் 7 வரை, சனிக்கிழமை 5 வரை. ஞாயிறும் அரசு விடுமுறையும் மூன்றாவது புதன்கிழமையும் மூடியிருக்கும். நான் மூன்றாவது புதனில் லீவு போட்டுப் போனவன், வெறும் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பி5 தாளை விடப் பெரிய பையை உள்ளே கொண்டுபோக முடியாது. லாக்கருக்கு 100 யென் நாணயம் வேண்டும், திரும்பக் கிடைக்கும், ஆனால் நாணயமாக இருக்க வேண்டும். இதழைக் கணினியில் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், அரை மணி வரை ஆகலாம், எனவே வேண்டிய மாத இதழ்களின் பட்டியலை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். படம் எடுக்கக் கூடாது, வெளியே எடுத்துப் போகக் கூடாது, நகலுக்குத் தனிக் காசு. கூட்டம் குறைவாக வேண்டுமென்றால் மேய்ஜி பல்கலைக்கழகத்தின் யோனேசாவா நினைவு நூலகம் சுருகதாய் வளாகத்தில் இருக்கிறது, மங்காவுக்கென்றே உள்ள இடம், 2009-இல் திறந்தது, ஒரு நாள் உறுப்பினர் கட்டணம் உண்டு, வாரத்தில் சில நாள் திறக்காது, நாள் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

9. எவ்வளவு நாள் ஆகும்

என் கணக்கு: முதல் தொகுதி ஆறு வாரம், இரண்டாவது நான்கு, ஐந்தாவதிலிருந்து பத்து நாள். புது அத்தியாயம் வேண்டுமென்றால் கங்கான் ஜோக்கர் ஒவ்வொரு மாதமும் 22-ஆம் தேதி கடைக்கு வரும். ஆனால் எல்லா மாதமும் வானிதாஸ் இருக்காது, தொடருக்கு நீண்ட ஓய்வுகள் விழுந்திருக்கின்றன. வாங்குவதற்கு முன் அட்டையிலோ உள்ளடக்கத்திலோ 'வானிதாசு' என்று கதகானாவில் (வெளிநாட்டுச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில்) நான்கு எழுத்தும் ஒரு குட்டி எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் அதைப் பார்க்காமல் வாங்கிய மூன்று இதழ்கள் இன்னும் சமையலறையில் சூடான பாத்திரத்துக்கு அடியில் கிடக்கின்றன.

படித்து முடித்ததை விற்கிற எண்ணம் இருந்தால் பழைய புத்தகக் கடையிலும் அடையாள அட்டை கேட்பார்கள், அங்கேயும் முகவரி பொருந்த வேண்டும். தொகுதிக்குச் சில பத்து யென்தான் தருவார்கள். முதல் தொகுதியில் பென்சிலால் சின்ன எழுத்துக்குப் பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தால் அதுவும் கிடையாது. என்னுடையதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.